வாய்ப்புண்ணாகத் தொடங்கி உடலெங்கும் பரவிய பெம்பிகஸ்: 44 வயதுப் பெண் ஒருவரின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

பெம்பிகஸ் என்பது உடலின் எதிர்ப்பொருளே தோலையும் வாயின் சவ்வையும் தாக்கிக் கொப்புளமும் புண்ணுமாக்கும் நோய். இந்த நோயாளி காவிரி டெல்டா பகுதியைச் சேர்ந்த 44 வயதுப் பெண். வீட்டிலிருந்தபடியே மல்லிகையும் கனகாம்பரமும் கட்டி விற்பவர். மூன்று ஆண்டுகளாக நீரிழிவு உண்டு. மெட்ஃபார்மின் 500 மி.கி. இரு வேளை எடுத்துவந்தார். ரத்த அழுத்தத்துக்கு எனலாப்ரில் 5 மி.கி. புகையிலை, வெற்றிலைப் பழக்கம் இல்லை.

முதல் தொந்தரவு வாயில். வலது கன்னத்தின் உட்புறம் எரிச்சலோடு ஒரு புண். உடம்புச் சூடு என்று மணத்தக்காளிக் கீரை, வெந்தயத் தண்ணீர் என வீட்டில் பத்து நாள் பார்த்தார்கள். அடுத்து மருந்துக் கடையில் பி-காம்ப்ளெக்ஸ் மாத்திரை. பிறகு பல் மருத்துவரிடம் போனபோது கூரான கடைவாய்ப்பல் ஒன்றைத் தேய்த்துவிட்டு, பல் சுத்தம் செய்தார். அடுத்த இடத்தில் பூஞ்சை என்று குளோட்ரிமசோல் தடவச் சொன்னார்கள். அதற்கடுத்த இடத்தில் ஹெர்பிஸ் என்று அசைக்ளோவிர் ஐந்து நாள். தனித்தனியே பார்த்தால் இவற்றில் எதுவும் பெரிய பிழை அல்ல. ஒவ்வொருவரும் அன்றைக்குக் கண்ட புண்ணுக்கு மருந்து தந்தார்கள். மொத்தம் எத்தனை வாரமாகப் புண் ஆறாமல் இருக்கிறது என்பதை மட்டும் யாரும் கூட்டிப் பார்க்கவில்லை.

மூன்றாம் மாத முடிவில் ஆறிய கஞ்சி தவிர எதுவும் இறங்கவில்லை. எடை 52 கிலோவிலிருந்து 45 ஆகக் குறைந்தது. நான்காம் மாதம் மார்பில் ஒரு ரூபாய் நாணயம் அளவு கொப்புளம் கிளம்பியது; பிறகு உச்சந்தலை, முதுகு. அக்கி என்று எண்ணி காவி குழைத்து அக்கி எழுதினார்கள். கொப்புளம் நிற்காமல் பரவவே அம்மை என்று முடிவாயிற்று. வேப்பிலைப் படுக்கை, தண்ணீர் ஊற்றாமை, வெளியாள் வராமை என ஒன்பது நாள் கழிந்தது. "அம்மை இறங்கித் தலைக்குத் தண்ணி ஊத்துற வரைக்கும் ஆஸ்பத்திரிக்குப் போகக்கூடாதுன்னு பெரியவங்க சொல்லிட்டாங்க சார்" என்றார் கணவர். அந்த ஒன்பது நாளில்தான் நோய் கைமீறியது.

குடும்பத்தைக் குறை சொல்ல இதில் ஒன்றுமில்லை. மூன்று மருத்துவ இடங்களுக்குப் போயும் நோய்க்குப் பெயர் கிடைக்காதவர்கள், தங்களுக்குத் தெரிந்த பெயரை வைத்தார்கள். அம்மைக் கொப்புளம் வாரம் பத்து நாளில் காய்ந்து பொருக்குக் கட்டிவிடும். இவருக்கு உடைந்த இடம் ஒன்றுகூட மூடவில்லை. அந்த ஒரு வேறுபாட்டை முன்பே யாரேனும் சொல்லியிருந்தால் அவர்களே கண்டுபிடித்திருப்பார்கள்.

சேர்க்கை நாளில் கண்டவை

வெப்பம் 38.2 டிகிரி, நாடி 112, ரத்த அழுத்தம் 100/60. தலை, மார்பு, முதுகு, அக்குள், தொடை இடுக்கு எங்கும் தோல் உரிந்து சிவந்த ஈரப் பரப்பு. நோயாளியின் விரல்கள் சேர்ந்த உள்ளங்கையை 1 சதவீதமாகக் கொண்டு அளந்ததில் உரிந்த பரப்பு சுமார் 22 சதவீதம். உடையாத கொப்புளங்கள் சில மட்டுமே. அவையும் தளர்ந்து தொங்கின. அரிப்பு அதிகம் இல்லை, வலிதான். கன்னங்களின் உட்புறம், அண்ணம், ஈறு, பிறப்புறுப்பு எல்லாவற்றிலும் புண். தலைமுடி பொருக்கோடு சேர்ந்து சடையாக ஒட்டியிருந்தது. இந்நோய்க்கே உரிய வீச்சம் அறைக்கு வெளியிலேயே தெரிந்தது.

புண்ணுக்கு அருகே இயல்பாகத் தெரியும் தோலில் கட்டைவிரலை அழுத்திப் பக்கவாட்டில் தள்ளியபோது மேல்தோல் வழுக்கிக்கொண்டு வந்தது. ரஷ்ய மருத்துவர் நிக்கோல்ஸ்கி 1890களில் விவரித்த அறிகுறி இது. ஒருமுறை பார்த்துப் பதிவு செய்தால் போதும். பயிற்சி மருத்துவர்கள் ஒவ்வொருவரும் செய்து பார்க்கும் வழக்கம் சில வார்டுகளில் உண்டு. ஒவ்வொரு முறையும் நோயாளிக்கு ஒரு புதுப் புண் மிஞ்சுகிறது.

ஹீமோகுளோபின் 9.6, ஆல்புமின் 2.4, சோடியம் 130, பொட்டாசியம் 3.4, கிரியாட்டினின் 0.9, சர்க்கரை 268, எச்பிஏ1சி 8.9. நோயின் வீச்சை அளக்கும் பிடிஏஐ மதிப்பெண் 68. 45-க்கு மேல் போனாலே கடும் நோய்.

என்னவாக இருக்கலாம்

உடனே விலக்க வேண்டியது மருந்து ஒவ்வாமையால் தோல் உரியும் ஸ்டீவன்ஸ்-ஜான்சன், டென் (TEN) வகை நோய்கள். அது நாள்கணக்கில் வரும், மாதக்கணக்கில் நீளாது. புதிதாகத் தொடங்கிய வலிப்பு மருந்து, அல்லோபியூரினால் போன்ற எதுவும் இவருக்கு இல்லை. புல்லஸ் பெம்பிகாய்டு பெரும்பாலும் முதியவர்களுக்கு வருவது. கொப்புளம் இறுக்கமாக நிற்கும், அரிப்பு பிடுங்கும், வாய் பெரும்பாலும் தப்பிவிடும். பெம்பிகஸையும் பெம்பிகாய்டையும் 1953-இல் வால்டர் லீவர் திசு அடிப்படையில் பிரித்துக் காட்டும்வரை மருத்துவ உலகம் ஒன்றாகவே பார்த்துவந்தது. பெம்பிகஸ் ஃபோலியேஷியஸ் வாயைத் தொடாது. புற்றுநோயோடு சேர்ந்துவரும் வகையில் உதட்டில் ரத்தப் பொருக்குத் தடித்து நிற்கும். அந்த ஐயத்தைத் தீர்க்க நெஞ்சு, வயிறு சிடி ஸ்கேன் எடுத்ததில் கட்டி எதுவும் இல்லை.

வாயில் தொடங்கி மாதங்கள் கழித்துத் தோலுக்கு வந்த வரிசை பெம்பிகஸ் வல்காரிஸையே சுட்டியது. தோல் செல்களை ஒன்றோடொன்று பிணைக்கும் டெஸ்மோகிளின் புரதங்களை உடலின் எதிர்ப்பொருளே தாக்குவதுதான் இந்நோய். வாயின் சவ்வில் பிணைப்பு வேலையைப் பெரும்பாலும் டெஸ்மோகிளின் 3 பார்க்கிறது. அதற்கு எதிரான பொருள் மட்டும் உருவானால் வாய் உடையும், தோலை டெஸ்மோகிளின் 1 தாங்கிக்கொள்ளும். பிறகு 1-க்கும் எதிர்ப்பொருள் உருவாகும்போது தோலும் விட்டுப்போகிறது. இவருடைய நான்கு மாதக் கதை அப்படியே இந்த வரிசைதான்.

மாதிரி எடுத்ததும், அதில் நேர்ந்த பிழையும்

மார்பின் கீழே அன்று காலை கிளம்பிய சிறு கொப்புளம் ஒன்று கிடைத்தது. அதன் கூரையை நீக்கி, அடியை மழுங்கிய கத்தியால் ரத்தம் வராதபடி சுரண்டி, கண்ணாடித் தகட்டில் தடவி, காற்றில் உலர்த்தி, ஜீம்சா சாயம் ஏற்றி ட்சாங்க் பரிசோதனை செய்யப்பட்டது. ஒரு மணி நேரத்துக்குள் விடை கிடைத்தது: பிணைப்பறுந்து உருண்டுபோன செல்கள், பெரிய கரு, கருவைச் சுற்றி வெளிறிய வளையம். இது உடைந்து நாளான புண்ணில் கிடைக்காது. அங்கே சீழ்ச் செல்லும் கிருமியும்தான் தெரியும். "இல்லை" என்று எழுதிவிடுவார்கள்.

திசு மாதிரி இரண்டு வேண்டும், இரண்டும் வெவ்வேறு இடத்திலிருந்து. முதலாவது, 24 மணி நேரத்துக்குட்பட்ட சிறு கொப்புளத்தின் ஓரம். கொப்புளமும் நல்ல தோலும் ஒரே துண்டில் வர வேண்டும். 4 மி.மீ. பஞ்ச் போதும், ஃபார்மலினில் இட வேண்டும். இரண்டாவது, தோலில் படிந்த எதிர்ப்பொருளை ஒளிரவைத்துக் காட்டும் நேரடி இம்யூனோஃபுளோரசென்ஸ் சோதனைக்கு. கொப்புளத்திலிருந்து 1 செ.மீ.க்குள் உள்ள, பார்வைக்கு நன்றாக இருக்கும் தோல். இதை மிஷெல் திரவத்தில் இட வேண்டும். அது இல்லையென்றால் சாதாரண சலைனில் இட்டு 24 மணி நேரத்துக்குள் ஆய்வகம் சேர்க்க வேண்டும். ஃபார்மலின் பட்டால் புரதம் இறுகி, தேடுகிற எதிர்ப்பொருள் தெரியாமல் போய்விடும்.

நேர்ந்தது அதுதான். தட்டில் இருந்த இரண்டு புட்டிகளிலும் ஃபார்மலின். இரண்டு துண்டுகளும் அதில் போயின. நான்காம் நாள் ஆய்வகத்திலிருந்து அழைத்துச் சொன்ன பிறகே தெரிந்தது. ஐந்தாம் நாள் மீண்டும் ஒரு துண்டு எடுக்க வேண்டியதாயிற்று. தோல் உரிந்து கிடக்கும் ஒருவருக்கு அது இன்னொரு காயம். அதற்குள் ஸ்டீராய்டு தொடங்கி நான்கு நாள் ஆகியிருந்தாலும், தோலில் படிந்த எதிர்ப்பொருள் அவ்வளவு விரைவில் மறையாது என்பதால் சோதனை பயன்பட்டது.

முதல் துண்டின் அறிக்கை நான்காம் நாள் வந்தது: மேல்தோலின் அடி அடுக்குக்குச் சற்று மேலே பிளவு; அடி அடுக்குச் செல்கள் மட்டும் நடுகற்களைப் போல வரிசையாக நின்றன. ஏழாம் நாள், ரத்தத்தில் எதிர்ப்பொருளை அளக்கும் எலைசா சோதனை: டெஸ்மோகிளின் 1 எதிர்ப்பொருள் 164, டெஸ்மோகிளின் 3 எதிர்ப்பொருள் 200-க்கு மேல், 20-க்குக் கீழ் இருப்பதே இயல்பு. ஒன்பதாம் நாள் இம்யூனோஃபுளோரசென்ஸ்: செல்களைச் சுற்றி ஐஜிஜி என்ற எதிர்ப்பொருளும் சி3 என்ற எதிர்ப்பாற்றல் புரதமும் மீன்வலை போலப் படிந்திருந்தன. பெம்பிகஸ் வல்காரிஸ் உறுதி.

முதல் ஐந்து நாள்: காத்திருக்காமல் தொடங்கியவை

எல்லா அறிக்கையும் வரட்டும் என்று இருந்திருந்தால் ஒன்பது நாள் போயிருக்கும். ட்சாங்க் முடிவையும் நோயின் வரிசையையும் வைத்து முதல் நாளே, மாதிரிகள் எடுத்தவுடன், பிரெட்னிசலோன் 45 மி.கி. தொடங்கப்பட்டது, கிலோவுக்கு 1 மி.கி. கணக்கு. 1.5 அல்லது 2 மி.கி. கொடுக்கும் பழைய வழக்கம் இவருக்கு ஏற்கப்படவில்லை. ஸ்டீராய்டு வருமுன் பெம்பிகஸ் நோயாளிகளில் பெரும்பாலோர் தோல் இழப்பால் இறந்தார்கள். இன்று இறப்பவர்களைக் கொண்டுபோவது பெரும்பாலும் கிருமித் தொற்று. அதற்கு வழி திறப்பதில் மிகை ஸ்டீராய்டுக்குப் பங்கு உண்டு. சர்க்கரை 268 இருக்கும் உடலில் அந்தக் கதவை அகலத் திறக்கக் குழு விரும்பவில்லை.

எனலாப்ரில் நிறுத்தப்பட்டது. அந்த மருந்து வகை பெம்பிகஸைத் தூண்டக்கூடும் என்பது தெரிந்த செய்தி. இவருக்கு அதுதான் காரணம் என்று சொல்ல ஆதாரமில்லை, ஆனால் தொடரவும் தேவையில்லை. அழுத்தம் குறைவாகவே இருந்ததால் மாற்று மருந்தாக அம்லோடிபின் மூன்றாம் வாரம்தான் தரப்பட்டது. மெட்ஃபார்மின் நிறுத்தி இன்சுலின் தொடங்கினார்கள். காலையில் பிரெட்னிசலோன் விழுங்கினால் சர்க்கரை ஏறுவது மதியத்துக்கு மேல்தான். அதற்கேற்ப காலையிலேயே இடைநிலை இன்சுலின் 16 அலகு, சாப்பாட்டுக்கு முன் சிறு அளவு விரைவு இன்சுலின். காலை வெறும் வயிற்றுச் சர்க்கரையை மட்டும் பார்த்து அளவு கூட்டினால் விடியற்காலையில் சர்க்கரை தாழ்ந்துவிடும்.

செருப்பில்லாமல் வயல்வெளியில் நடந்து பழகியவர்களுக்கு ஸ்டீராய்டு தொடங்குமுன் ஸ்ட்ராஞ்சிலாய்டஸ் புழுவை நினைக்க வேண்டும். எதிர்ப்பாற்றல் அடங்கியதும் அது உடலெங்கும் பரவி உயிரை எடுக்கும். முதல் இரண்டு நாளும் ஐவர்மெக்டின் 9 மி.கி. தரப்பட்டது. கால்சியம், வைட்டமின் டி, பான்டோபிரசோல் சேர்ந்தன. எலும்பைக் காக்க வழக்கமாகத் தரும் அலெண்ட்ரோனேட் மாத்திரை தவிர்க்கப்பட்டது. தொண்டையிலும் புண் இருக்கும்போது அது உணவுக்குழாயை அரித்துவிடும். இரண்டாம் மாதம், வைட்டமின் டி குறைவைச் சரிசெய்த பிறகு, ஜோலெட்ரோனிக் அமிலம் 5 மி.கி. ஒரே ஊசியாகப் போடப்பட்டது.

தோல் பராமரிப்பு

இந்நோயில் மருந்துச் சீட்டைவிட நர்சின் கைதான் முதல் இரண்டு வாரம் நோயாளியைத் தாங்குகிறது. தனி அறை, ஏசி இல்லை, அறை வெப்பம் 28 முதல் 30 டிகிரி. பெர்மாங்கனேட் ஒத்தடம் நாளைக்கு இருமுறை, ஒவ்வொன்றும் 15 நிமிடம்: 400 மி.கி. மாத்திரை ஒன்றை 4 லிட்டர் நீரில் கரைத்தால் பத்தாயிரத்தில் ஒரு பங்கு வரும். நிறம் இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும். கத்தரிப்பூ நிறம் வந்தால் கரைசல் கடுமை, தோல் எரியும். தூளாக வாங்கிக் கண்ணளவில் போடும்போது கரையாத துகள் தோலில் ஒட்டி ஓட்டை போடுவதுண்டு. துணியால் வடிகட்டிய பிறகே தொட வேண்டும்.

ஒத்தடத்துக்குப் பின் வாசலின் துணி, அதன் கீழே வாழை இலை. இளம் இலையின் நடுத்தண்டை நீக்கி, கழுவி, துணியில் சுற்றி ஆட்டோகிளேவ் செய்து (நீராவியால் கிருமி நீக்கி) படுக்கை முழுவதும் விரிப்பார்கள். இலை புண்ணில் ஒட்டாது, குளிர்ச்சி, புரண்டு படுக்கும்போது தோலை இழுக்காது. ஈரமானதும் மாற்ற வேண்டும், குறைந்தது நாளைக்கு இரு தடவை. வாழை விளையும் ஊரில் விலையுயர்ந்த ஒட்டாத கட்டுகள் கிடைக்கவில்லை என்று வருந்த வேண்டியதில்லை.

பெரிய கொப்புளத்தை ஊசியால் குத்தி நீரை வடித்துவிட்டுக் கூரையை அப்படியே படிய விட்டார்கள், அதுவே கட்டு. பிளாஸ்திரி எங்கும் கூடாது. ஊசிக்குழலைச் சுருள்துணியால் சுற்றினார்கள், ரத்த அழுத்தப் பட்டைக்குக் கீழே மெத்தென்ற துணி வைத்தார்கள். தலைப் பொருக்கு இரவு முழுவதும் திரவ பாரஃபினில் ஊறிய பிறகும் சடை விடவில்லை. முடியை வெட்டித்தான் ஆக வேண்டியிருந்தது. பூக்காரம்மாவுக்கு அது பெரிய இழப்பு. நர்ஸ் ஒருவர் அரை மணி நேரம் பக்கத்தில் உட்கார்ந்து பேசிய பிறகே சம்மதித்தார்.

வாய்க்கு, சாப்பாட்டுக்குப் பத்து நிமிடம் முன்பு லிக்னோகெய்ன் கூழ், பீட்டாமெத்தசோன் 0.5 மி.கி. மாத்திரையை 20 மி.லி. நீரில் கரைத்து நாளைக்கு நான்கு முறை கொப்பளித்துத் துப்ப வேண்டும், விழுங்கக் கூடாது. மசித்த தயிர்சாதம், ராகிக்கூழ், அவித்த முட்டையின் வெள்ளைக்கரு. காரம், புளி, சூடு எதுவும் வேண்டாம். மூக்குவழிக் குழாய் தொண்டைப் புண்ணைக் கிழிக்கும் என்பதால் கடைசி வழியாக ஒதுக்கப்பட்டது, தேவைப்படவும் இல்லை.

வீட்டில் இவருக்குத் தனித் தட்டு, தனி டம்ளர். "இது ஒட்டுமா சிஸ்டர்? சின்னப் பொண்ணு கிட்ட வர பயப்படுது" என்று கணவர் மூன்றாம் நாள்தான் வாய்திறந்து கேட்டார். ஒட்டாது, இது கிருமியால் வந்த நோய் அல்ல என்பதை முதல் நாளே சொல்லியிருக்க வேண்டும்.

ஆறாம் நாள்: ரத்தத்தில் கிருமி

இரவில் 39.2 டிகிரி காய்ச்சல், நாடி 128, ரத்த அழுத்தம் 84/50. இடது முன்கையில் ஊசிக்குழல் ஏறியிருந்த இடத்தில் சீழ். நரம்பு கிடைக்காத அவசரத்தில் இரண்டாம் நாள் அதை உரிந்த தோல் வழியாகவே ஏற்றியிருந்தார்கள். நான்கு நாளாக அது மாற்றப்படவும் இல்லை.

குழல் உடனே எடுக்கப்பட்டது. இரண்டு தனித்தனி இடங்களிலிருந்து ரத்த கல்ச்சர், பிறகு வான்கோமைசின் 750 மி.கி. 12 மணிக்கொருமுறை, மெரோபெனம் 1 கிராம் 8 மணிக்கொருமுறை. சலைன் 1,350 மி.லி. ஏற்றியும் அழுத்தம் நிற்காததால் 14 மணி நேரம் அழுத்தத்தை ஏற்றும் நார்அட்ரினலின். எட்டாம் நாள் கல்ச்சரில் வழக்கமான பல ஆன்டிபயாட்டிக்குகளுக்கு அடங்காத எம்.ஆர்.எஸ்.ஏ. கிருமி வந்தது, மெரோபெனம் நின்றது. எக்கோவில் இதய வால்வுகள் சுத்தம்.

ஸ்டீராய்டை என்ன செய்வது என்பதுதான் அந்த இரவின் கடினமான கேள்வி. நிறுத்தினால் நோய் சீறும். கூட்டினால் தொற்று சீறும். பிரெட்னிசலோனுக்குப் பதில் ஹைட்ரோகார்ட்டிசோன் 50 மி.கி. 6 மணிக்கொருமுறை நரம்பு வழியாகத் தரப்பட்டது. நாளைக்கு 200 மி.கி. என்பது பிரெட்னிசலோன் 50 மி.கி.க்குச் சமம். அதாவது நோய்க்கான அளவும் விட்டுப்போகவில்லை, அதிர்ச்சிக்கு உடல் கேட்கும் அளவும் கிடைத்தது. அழுத்தம் நிலைத்ததும் பழைய 45 மி.கி.க்குத் திரும்பினார்கள்.

அடுத்து என்ன: மூன்று வழிகள்

தொற்று ஓடிக்கொண்டிருக்க, நாளுக்குப் பதினைந்து புதுக் கொப்புளம் வந்துகொண்டிருந்தது. முதல் வழி, டெல்லி எய்ம்ஸில் டாக்டர் ஜே.எஸ். பஸ்ரிச்சா 1980களில் உருவாக்கிய பல்ஸ் சிகிச்சை: டெக்சாமெத்தசோன் 100 மி.கி. வீதம் மூன்று நாள், அதில் ஒரு நாள் சைக்ளோபாஸ்பமைட் 500 மி.கி., 28 நாளுக்கு ஒருமுறை. இந்திய நோயாளிகள் ஏராளமானோரைக் காத்த முறை இது. ஆனால் ரத்தத்தில் கிருமி, கட்டுக்கடங்காத சர்க்கரை, குறைந்த பொட்டாசியம் மூன்றும் சேர்ந்த ஒருவருக்குப் பல்ஸ் கொடுப்பது இதயத் துடிப்பையும் தொற்றையும் ஒரே நேரத்தில் பணயம் வைப்பது.

இரண்டாவது ரிட்டுக்சிமாப். 2017-இல் வெளியான பிரெஞ்சு ஆய்வில், குறுகிய கால பிரெட்னிசலோனோடு ரிட்டுக்சிமாப் பெற்றவர்களில் 89 சதவீதத்தினர் இரண்டாண்டு முடிவில் மருந்தின்றி நோய் முழுவதும் அடங்கிய நிலையில் இருந்தனர். பிரெட்னிசலோன் மட்டும் பெற்றவர்களில் 34 சதவீதம். 2018-இல் அமெரிக்காவில் இந்நோய்க்கு அனுமதியும் கிடைத்தது. எனினும் அது ஆபத்துநேர மருந்து அல்ல. சிடி20 அடையாளமுள்ள பி செல்களை அது அழிக்கிறது. எதிர்ப்பொருளை உண்டாக்கும் பிளாஸ்மா செல்களில் அந்த அடையாளம் இல்லை. பலன் தெரிய வாரங்கள் ஆகும். கிருமி அடங்குமுன் அதைக் கொடுத்தால் ஆபத்து இன்றே வரும், பலன் அடுத்த மாதம்தான்.

மூன்றாவது, எதிர்ப்பாற்றலைக் குறைக்காத ஒரே வழி: நரம்பு வழி இம்யூனோகுளோபுலின். கிலோவுக்கு மொத்தம் 2 கிராம், ஐந்து நாளில். இவருக்கு நாளைக்கு 18 கிராம். செலவு மிக அதிகம். இரண்டு நாள் அலைந்து உதவி கிடைத்த பிறகே ஒன்பதாம் நாள் தொடங்க முடிந்தது.

இங்கே ஒரு நுட்பம் உண்டு, பலர் தவறவிடுவது. ரிட்டுக்சிமாப்புக்கு முன் ஹெபடைடிஸ் பி கோர் எதிர்ப்பொருள் பார்த்தாக வேண்டும். உறங்கிக்கிடக்கும் கிருமியை அம்மருந்து எழுப்பிவிடும். ஆனால் இம்யூனோகுளோபுலின் பல்லாயிரம் கொடையாளரின் பிளாஸ்மாவிலிருந்து எடுப்பது. அது ஏறிய பிறகு பார்த்தால் யாருடைய எதிர்ப்பொருளோ இவருடையதாகக் காட்டும். முதல் நாள் மேற்பரப்பு ஆன்டிஜன் மட்டுமே பார்த்திருந்தார்கள். முதல் பாட்டில் ஏற்றுவதற்கு ஒரு மணி நேரம் முன்புதான் இது நினைவுக்கு வந்து ரத்தம் எடுக்கப்பட்டது. முடிவு: இல்லை. எச்ஐவி, ஹெபடைடிஸ் சி, காசநோய்ச் சோதனை, மார்பு எக்ஸ்ரே எல்லாம் சரி.

பன்னிரண்டாம் நாள் கிரியாட்டினின் 1.5 ஆக ஏறியது. வான்கோமைசினும் இம்யூனோகுளோபுலினும் இரண்டுமே சிறுநீரகத்தை அழுத்துபவை. வான்கோமைசின் அளவு குறைக்கப்பட்டது, கடைசி இரண்டு பாட்டில்கள் மெதுவாக ஏற்றப்பட்டன. ஒரு வாரத்தில் 1.0-க்குத் திரும்பியது.

ரிட்டுக்சிமாப், வீடு திரும்புதல்

கல்ச்சர் சுத்தமான நாளிலிருந்து 14 நாள் வான்கோமைசின் முடித்து, காய்ச்சலின்றி சில நாள் பார்த்து, 26-ஆம் நாள் ரிட்டுக்சிமாப் 1 கிராம் ஏற்றப்பட்டது. அரை மணி நேரம் முன்பு பாராசிட்டமால், ஃபெனிரமின், மெத்தில்பிரெட்னிசலோன் 100 மி.கி.; காலை அம்லோடிபின் நிறுத்தம். 500 மி.லி. சலைனில் மணிக்கு 50 மி.கி. வேகத்தில் தொடங்கி, அரை மணிக்கொருமுறை 50 கூட்டினார்கள். 150-ஐத் தொட்டபோது நடுக்கமும் தொண்டை அரிப்பும். அரை மணி நிறுத்திப் பாதி வேகத்தில் தொடர்ந்ததும் முடிந்தது. 40-ஆம் நாள் இரண்டாம் தவணை தொந்தரவில்லாமல் ஏறியது. நிமோசிஸ்டிஸ் நுரையீரல் தொற்றைத் தடுக்கக் கோட்ரைமாக்சசோல் வாரம் மூன்று நாள். அதுவே தோலை உரிக்கக்கூடிய மருந்து என்பதால் புதுச் சிவப்புத் தடிப்பு வந்தால் நிறுத்திவிட்டு வரும்படி சொல்லப்பட்டது.

இருபதாம் நாளிலேயே புதுக் கொப்புளம் நாளைக்கு இரண்டு மூன்றாகக் குறைந்திருந்தது. 34-ஆம் நாளுக்குப் பின் ஒன்றும் வரவில்லை. 42-ஆம் நாள் உரிந்த பரப்பு 4 சதவீதமாக, வீடு திரும்பினார். புதுக் கொப்புளம் இல்லாமல் இரண்டு வாரம் கடந்து, பழையவற்றில் ஐந்தில் நான்கு பங்கு ஆறிய பிறகே, 50-ஆம் நாள் பிரெட்னிசலோனைக் குறைக்கத் தொடங்கினார்கள்: 20 மி.கி. வரை இரு வாரத்துக்கு 5, அதன்பின் இரு வாரத்துக்கு 2.5.

ஏழாம் மாதம்: மீண்டும் வாய்ப்புண்

பிரெட்னிசலோன் 7.5 மி.கி.யில் இருந்தபோது உதட்டோரமும் அண்ணமும் கொப்பளித்து வலித்தன. நோய் திரும்பிவிட்டது என்று பயந்து தாமாகவே மாத்திரையை 20 மி.கி. ஆக்கிக்கொண்டு நான்காம் நாள் வந்தார். புண்கள் கொத்தாக, சின்னஞ்சிறியதாக, வளைந்த ஓரத்தோடு இருந்தன. ட்சாங்க் பரிசோதனையில் இம்முறை பல கருக்கள் கொண்ட பெரிய செல்கள்: ஹெர்பிஸ். முன்பு பெம்பிகஸை ஹெர்பிஸ் என்று எண்ணி நாள் போனது. இப்போது ஹெர்பிஸைப் பெம்பிகஸ் என்று எண்ணி ஸ்டீராய்டு ஏறியது. அசைக்ளோவிர் 400 மி.கி. நாளைக்கு ஐந்து முறை பத்து நாள் தந்து, பிரெட்னிசலோனை 7.5-க்கே இறக்கியதில் எட்டு நாளில் வாய் ஆறியது.

ஆறாம் மாதச் சோதனையில் டெஸ்மோகிளின் 1 எதிர்ப்பொருள் 9-க்கு வந்திருந்தது. 3-இன் எதிர்ப்பொருள் 61. நோய் அடங்கியவர்களிடமும் இரண்டாவது எண் உயர்ந்தே நிற்பதுண்டு. எண்ணுக்கு மருந்து கொடுக்காமல் வாயையும் தோலையும் பார்த்தே முடிவெடுத்தார்கள். பன்னிரண்டாம், பதினெட்டாம் மாதங்களில் ரிட்டுக்சிமாப் 500 மி.கி.; பதின்மூன்றாம் மாதம் பிரெட்னிசலோன் முழுதும் நின்றது.

இருபதாம் மாத நிலை

புதுக் கொப்புளம் இல்லை. தழும்பு விழவில்லை, பிளவு மேல்தோலுக்குள்ளேயே நிகழ்வதால் பெம்பிகஸ் தழும்பில்லாமல் ஆறும். கரும்பழுப்புத் திட்டுகள் மட்டும் மெல்ல மங்குகின்றன. எடை 53 கிலோ. எச்பிஏ1சி 7.1, மீண்டும் மெட்ஃபார்மினில். முடி தோள்வரை வளர்ந்திருக்கிறது. பூக்கட்டத் தொடங்கி ஓராண்டாகிறது.

மாற்றிக்கொண்டவை

மூன்று வாரத்துக்கு மேல் ஆறாத வாய்ப்புண் எதுவானாலும் திசு மாதிரி எடுக்க வேண்டும், அல்லது எடுக்கக்கூடிய இடத்துக்கு அனுப்ப வேண்டும் என்று சுற்றுவட்டப் பல் மருத்துவர்களுக்கும் காது மூக்கு தொண்டை மருத்துவர்களுக்கும் ஒரு பக்கக் குறிப்பு அனுப்பப்பட்டது. "எத்தனை நாளாக?" என்பது அதில் முதல் கேள்வி. இவருக்கு முதல் மாதத்திலேயே மாதிரி எடுத்திருந்தால் தோல் உடையுமுன் சிகிச்சை தொடங்கியிருக்கும். இதில் குழுவுக்கு ஐயமில்லை.

திசு மாதிரித் தட்டில் இப்போது சிவப்பு மூடிப் புட்டி ஃபார்மலினுக்கு, நீல மூடிப் புட்டி மிஷெல் திரவத்துக்கு. மாதிரி எடுப்பவரே இரண்டு மூடிகளையும் உரக்கச் சொல்லிவிட்டுத்தான் துண்டை இடுகிறார். உரிந்த தோல் வழியாக ஊசிக்குழல் ஏற்றுவதில்லை. கையில் கிடைக்காவிட்டால் கால், அதுவும் இல்லையென்றால் அல்ட்ராசவுண்டு துணையோடு ஆழ் நரம்பு. ஏற்றிய இடத்தை ஒவ்வொரு ஷிப்ட் மாறும்போதும் கட்டைப் பிரித்துப் பார்க்கிறார்கள். ஹெபடைடிஸ் கோர் எதிர்ப்பொருள் சேர்க்கை நாள் ரத்தப் பட்டியலிலேயே அச்சிடப்பட்டுவிட்டது.

வீடு திரும்பும் நோயாளியிடம் தரும் அட்டையில் ஒரு வரி கூடியிருக்கிறது: வாயில் புதுப் புண் வந்தால் மாத்திரையைக் கூட்டாமல், 48 மணி நேரத்துக்குள் புண்ணைக் காட்ட வர வேண்டும்.